மா. கிருஷ்ணனின் ஒட்டுப்போட்ட கேமராவும் பழைய டெலி லென்ஸ்களும்

அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்தவர் இ. பி. ஜீ. இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1964-இல் வெளிவந்தது. அதில் ஒரு வேடிக்கையான இடம் வரும். தென்னிந்தியாவின் புகழ்பெற்ற இயற்கையியலாளர் ஒருவர் தன் கேமராவை ஜீயிடம் எடுத்துக் காட்டுகிறார். கேமராவின் உடல் ஒரு கம்பெனி. அதில் மாட்டியிருக்கும் டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற பாகங்கள் வேறு வேறு கம்பெனிகள். எல்லாவற்றையும் அவரே தன் கையால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார். எங்காவது கம்பியோ கயிறோ போட்டுக் கட்டியிருப்பார் என்று ஜீ செல்லமாகக் கிண்டலும் செய்கிறார்.

அந்த மனிதர் மா. கிருஷ்ணன் (1912-1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னை மயிலாப்பூர்வாசி. தன் கருவிக்கு அவரே வைத்த பெயர் 'சூப்பர் பாண்டெரோசா'. 'பெரும் பாரம்' என்ற பொருள் தொனிக்கும் நையாண்டிப் பெயர் அது!

இன்று பழைய டெலி லென்ஸ் ஒன்றை வாங்கி, வளையம் ஒன்றைப் போட்டுப் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் பறவைகளைப் படம் எடுப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இதே வேலையை நம்ம ஊர்க்காரர் ஒருவர் அறுபது வருடங்களுக்கு முன்பே செய்தார் என்று? ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் கேமராவில் ஏன் பொருந்துவதில்லை, பொருந்தாததை எப்படிப் பொருத்தினார்கள், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தூரத்தைக் கிட்டே இழுக்கும் கண்ணாடி

முதலில் டெலி லென்ஸ் எதற்கு? சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு வரும் லென்ஸின் குவியத் தூரம் சுமார் 50 மி.மீ. ஒரு பூநாரை நிற்கும்போது ஏறக்குறைய 1.3 மீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் ஃபிலிமில் அந்தப் பறவையின் உயரம் 2 மி.மீ. சொச்சம்தான் வரும். எறும்பு மாதிரி! அதே இடத்தில் நின்று 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 13 மி.மீ. வரும். ஃபிலிம் சட்டத்தின் உயரமே 24 மி.மீ. தான் என்பதால் பாதிச் சட்டத்துக்கு மேல் பறவை நிறைந்துவிடும். கணக்கு ரொம்பச் சுலபம். குவியத் தூரத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு சிறிதாகும் என்று கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு சங்கடம். 500 மி.மீ. குவியத் தூரம் வேண்டும் என்றால், சாதாரண அமைப்பில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே அரை மீட்டர் நீளக் குழாய் வேண்டும். பின்பக்கத்தில் குழிலென்ஸ் தொகுதி ஒன்றைச் சேர்த்து அந்த நீளத்தைச் சுருக்கலாம் என்று 1891-இல் இங்கிலாந்தில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், மீத்தே ஆகிய மூன்று பேர் தனித்தனியாக வடிவமைத்துக் காட்டினார்கள். உண்மையான டெலிஃபோட்டோ லென்ஸ் பிறந்தது அப்போதுதான். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸை ஒட்டி ஸைஸ் கம்பெனி கொண்டுவந்த 180 மி.மீ. 'ஒலிம்பியா' சோனார் இந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற வாரிசு. கான்டாக்ஸ் கேமராவுக்காகப் பிறந்த அந்த லென்ஸின் பிற்கால வடிவங்கள் வளையங்களின் உதவியால் எத்தனையோ வேறு கேமராக்களில் ஏறி உட்கார்ந்தன.

எல்லாம் ஒரு இடைவெளிக் கணக்கு

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தில் ஓட்டை போடாதவர்கள் யார்? கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தும்போது ஒரே ஒரு தூரத்தில்தான் சூரியன் சின்னப் புள்ளியாகக் குவியும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் புள்ளி பரவிவிடும், காகிதம் எரியாது.

கேமராவிலும் அதே கதைதான். லென்ஸைத் திருகி மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் (அல்லது இன்றைய சென்சார்) இருக்கும் தளம் வரை உள்ள இடைவெளி ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஓர் எண். எம்42 திருகு மாடலுக்கு 45.46 மி.மீ. நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ. கேனானின் பழைய எஃப்டி வகைக்கு 42 மி.மீ. அதே கேனானின் பிற்கால ஈஎஃப் வகைக்கு 44 மி.மீ. மினோல்டாவின் பழைய வகைக்கு 43.5 மி.மீ. வித்தியாசங்கள் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்!

இப்போது விதியைச் சொல்லிவிடலாம். லென்ஸ் எதிர்பார்க்கும் இடைவெளியைவிடக் கேமராவின் இடைவெளி குறைவாக இருந்தால் நல்ல காலம். மிச்சமிருக்கும் தூரத்துக்குச் சரியான தடிமனில் ஒரு வளையம் கடைந்து நடுவில் போட்டால் போதும். உதாரணமாக எம்42 லென்ஸைக் கேனான் ஈஎஃப் கேமராவில் மாட்ட 1.46 மி.மீ. வளையம் போதும். கேமராவின் இடைவெளி அதிகமாக இருந்தால் சிக்கல். லென்ஸ் தேவைக்கு மேல் முன்னால் தள்ளி நிற்கும், கிட்டத்தில் இருப்பது மட்டும் தெளியும், தூரத்தில் இருப்பது தெளியாது. எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டினால் இதுதான் நடக்கும்.

இந்த இடத்தில் டெலி லென்ஸுக்கு ஒரு சலுகை உண்டு. எம்42 லென்ஸை நிக்கானில் மாட்டும்போது, வளையத்துக்குத் தடிமனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 1.04 மி.மீ. கூடுதலாகிறது. 50 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 2.4 மீட்டருக்கு மேல் எதுவும் தெளியாது. 300 மி.மீ. லென்ஸ் என்றால் சுமார் 86 மீட்டர் வரை தெளியும். 86 மீட்டருக்கு அப்பால் நிற்கும் கொக்கை எடுத்தும் பெரிய பயன் இல்லையே! அதோடு டெலி லென்ஸின் குழாய் நீளமானது. வெட்ட, ஒட்ட, வளையம் சேர்க்க அதில் இடம் உண்டு. பெரிய தகட்டுக் கேமராக்களுக்காகச் செய்த பழைய நீள லென்ஸ்களுக்கு இன்னொரு வசதி. அவை விரிக்கும் பிம்பம் பெரியது, ஆகவே சின்ன ஃபிலிமைத் தாராளமாக மூடும். கேமராவின் உள்ளேயே ஷட்டர் இருந்துவிட்டால் ஏறக்குறைய எந்த நீள லென்ஸையும் அதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். கிருஷ்ணனைப் போன்றவர்கள் டெலி லென்ஸோடு விளையாட முடிந்ததற்கு அறிவியல் காரணம் இதுதான்.

வேலி போட்டவர்கள்

அப்படியானால் எல்லாக் கம்பெனிகளும் ஒரே இடைவெளியை வைத்துக்கொண்டால் என்ன? கேட்க நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் ஒளியியலில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது.

சவரக் கத்தியின் பிடியைச் சல்லிசாகக் கொடுத்து பிளேடில் காசு பார்ப்பது பழைய தந்திரம். பிரிண்டர் மலிவு, மை விலை அதிகம். கேமராவும் லென்ஸும் அப்படி ஒன்றையொன்று நம்பியிருக்கும் இணைப் பொருள்கள். ஒருவர் ஒரு கம்பெனியில் நான்கு லென்ஸ் வாங்கிவிட்டால் அடுத்த கேமராவையும் அங்கேதான் வாங்குவார். மாறினால் நான்கு லென்ஸும் வீண். மாட்டும் வளையம் என்பது வாடிக்கையாளரைச் சுற்றிப் போட்ட வேலி.

வேலி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. லைக்கா கேமராவின் 39 மி.மீ. திருகை வேறு கம்பெனிகளும் பின்பற்றின. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானில் நிக்கான் கம்பெனி லைக்காவுக்கும் கான்டாக்ஸுக்கும் பொருந்தும்படி லென்ஸ்கள் செய்தது. 1950-இல் டோக்கியோவில் இருந்த 'லைஃப்' பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானியப் புகைப்படக்காரர் ஜுன் மிக்கி மூலம் 85 மி.மீ. நிக்கோர் லென்ஸை அறிந்தார். அதன் கூர்மையைப் பார்த்து அசந்துபோனார். அந்த ஆண்டு வெடித்த கொரியப் போருக்கு ஜெர்மன் கேமராவில் ஜப்பானிய லென்ஸை மாட்டிக்கொண்டு போனார். அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் இந்த லென்ஸ்களைப் பற்றி எழுதியது. அதுவரை மலிவு நகல் என்று பார்க்கப்பட்ட ஜப்பானியக் கண்ணாடிக்கு உலகச் சந்தையில் மரியாதை கிடைக்க ஆரம்பித்தது. வேறொருவர் கேமராவில் பொருந்திய லென்ஸ் ஒரு நாட்டின் தொழிலையே தூக்கி நிறுத்தியது என்றால் மிகை இல்லை.

பின்னாலும் இரண்டு வழிகளும் பக்கம் பக்கமாக ஓடின. 1949 முதல் ஜெர்மனியில் கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா ஆகியவற்றில் வந்த எம்42 திருகைப் பல நாட்டுக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சோவியத் ஜெனிட், ஜப்பானியப் பென்டாக்ஸ் எல்லாம் அதில் அடக்கம். 1957-இல் டாம்ரான், ஒரே லென்ஸைப் பல கேமராக்களில் மாட்டும் 'டி' மவுண்ட்டைக் கொண்டுவந்தது. லென்ஸ் ஒன்று, வளையம் மட்டும் கேமராவுக்குத் தக்கபடி. டெலி லென்ஸுக்கு இது ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

பென்டாக்ஸ் 1975-இல் திருகை விட்டு 'கே' வகைக்கு மாறியது. ஆனால் 45.46 மி.மீ. இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் பழைய வாடிக்கையாளர்களின் லென்ஸ்கள் ஒரு மெல்லிய வளையத்தோடு புதுக் கேமராவிலும் வேலை செய்தன. கேனான் 1987-இல் தானியங்கி ஃபோகஸுக்காக எஃப்டி வகையைக் கைவிட்டு ஈஎஃப் வகைக்குப் போனது. இடைவெளி 42-லிருந்து 44 ஆனது. வெறும் 2 மி.மீ.! ஆனால் அந்த 2 மி.மீ. காரணமாக உலகம் முழுவதும் இருந்த எஃப்டி லென்ஸ்கள் புதுக் கேமராவில் தூரத்தைப் பார்க்க முடியாத குருடாகின. தொழில்நுட்பக் காரணம் இருந்தது, புது வகை சிறந்ததும்கூட. ஆனால் அதற்கான செலவு வாடிக்கையாளரின் பேரேட்டில்தான் எழுதப்பட்டது.

சூப்பர் பாண்டெரோசா

இந்தியாவில் இந்த வேலிக்கு மேல் இன்னொரு வேலி இருந்தது. அது இறக்குமதிக் கட்டுப்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் கேமரா, லென்ஸ் போன்றவை ஆடம்பரப் பொருள்கள். லைசென்ஸ் வேண்டும், தீர்வை கட்ட வேண்டும். ஃபிலிமே வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய நிலை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல்தான் உற்பத்திக்கு வந்தது. 1991-க்குப் பிறகே கதவு மெல்லத் திறந்தது.

கிருஷ்ணன் பணக்காரரும் இல்லை. 1942 முதல் 1949 வரை இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி 1996-இல் அவர் இறக்கும்வரை 46 ஆண்டுகள் வந்தது. தமிழிலும் நிறைய எழுதினார். அந்தக் கட்டுரைகளைப் பிற்பாடு சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்தார்.

இப்படிப்பட்டவர் காட்டு யானையைப் படம் எடுக்க வேண்டும். கடையில் அதற்கான கருவி இல்லை, இருந்தாலும் வாங்கக் கட்டாது. கிடைத்த உடலோடு கிடைத்த லென்ஸைச் சேர்த்தார். அதுதான் சூப்பர் பாண்டெரோசா. இன்றைக்கு 'அடாப்டர்' என்று கடையில் கிடைக்கும் சாமானை அவர் தன் தேவைக்குத் தானே உண்டாக்கிக்கொண்டார். கணக்கு ஒன்றுதான், சரியான இடைவெளியில் லென்ஸை நிறுத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் யானை மங்கிவிடும்.

கருவி ஏழை என்பதால் படங்கள் ஏழையாகிவிடவில்லை. கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி 1959 முதல் 1970 வரையிலான நிலையை ஆராய்ந்து அவர் எழுதியதை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. பத்மஸ்ரீ விருதும் வந்தது. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2006-இல் அவருடைய படங்கள் ஒரு பெரிய தொகுப்பு நூலாக வெளியாயின. அந்தப் படங்களில் விலங்கின் முகம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்காது. அது நிற்கும் புல், மரம், சேறு, வெளிச்சம் எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஓர் உயிர் எங்கே வாழ்கிறது என்பதும் அவருக்குச் செய்திதான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கையால் ஃபோகஸ் செய்யும் கனமான கருவியை வைத்துக்கொண்டு தடதடவென்று நூறு படம் எடுக்க முடியாது. யானை எந்தப் பக்கம் திரும்பும், எப்போது காதை விரிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவருடைய விலங்கறிவு அந்தக் கருவியின் குறையை ஈடுகட்டியது.

உள்கண்ணாடி போனது, கதவு திறந்தது

டிஜிட்டல் எஸ்எல்ஆர் காலத்திலும் இடைவெளிக் கதை மாறவில்லை. லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே மேலும் கீழும் ஆடும் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று இருந்ததே காரணம். அது ஆட இடம் வேண்டும், ஆகவே 44, 46 மி.மீ. என்றே இருந்தது.

2008-இல் பானசானிக் ஜி1 என்ற கேமரா வந்தது. உள்கண்ணாடி கிடையாது. இடைவெளி 19.25 மி.மீ. 2010-இல் வந்த சோனி நெக்ஸ் வகையில் 18 மி.மீ. 2018-இல் வந்த நிக்கான் இஸட் வகையில் 16, கேனான் ஆர்எஃப் வகையில் 20. மேலே சொன்ன விதியை இப்போது நினைத்துப் பாருங்கள். கேமராவின் இடைவெளி குறைந்தால் எந்த லென்ஸும் பொருந்தும்! எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளமுள்ள வெறும் குழாய் போதும். உள்ளே கண்ணாடி வேண்டாம், மின்சுற்று வேண்டாம். 1987-இல் அநாதையான எஃப்டி லென்ஸுக்கும் 24 மி.மீ. குழாயில் மறுவாழ்வு.

கம்பெனிகள் பழைய லென்ஸ்காரர்களுக்கு உதவ நினைத்து இதைச் செய்யவில்லை. கேமராவைச் சின்னதாக்கப் போனார்கள், வேலி தானாகச் சாய்ந்தது. கணக்குப் பதிவியலில் கேமரா உடலுக்குத் தேய்மானம் சீக்கிரம். நாலைந்து வருடத்தில் மதிப்பு கரைந்துவிடும். ஆனால் 1965-இல் கடைந்த கண்ணாடி, பூஞ்சை பிடிக்காமல் இருந்தால், இன்றும் அதே கோணத்தில்தான் ஒளியை வளைக்கும்.

மாட்டினால் மட்டும் போதுமா?

போதாது. பழைய லென்ஸ் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது, எடுப்பவர்தான் மாற வேண்டும்.

முதலாவது, கேமராவின் மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற வசதியை இயக்க வேண்டும். மின்தொடர்பு இல்லாத லென்ஸை லென்ஸாகவே மதிக்காத கேமராக்கள் உண்டு.

இரண்டாவது, துவாரம். பல பழைய டெலி லென்ஸ்களில் இரட்டை வளையம் இருக்கும். ஒன்றில் வேண்டிய துவாரத்தைக் குறித்துவிட்டு, இன்னொன்றால் முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு பார்க்காமலே குறித்த இடம் வரை மூடிக்கொள்ளலாம். முழுதாகத் திறந்தால் படம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஒன்றிரண்டு படி மூடினால் கூர்மை கூடும்.

மூன்றாவது, ஃபோகஸ். திரையில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்பலாம். கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் வசதியும் பல கேமராக்களில் உண்டு, ஆனால் நீள லென்ஸில் அதை முழுக்க நம்பக் கூடாது. பறக்கும் பறவையைத் துரத்துவதைவிட, அது வந்து உட்காரும் கழியிலேயே முன்கூட்டி ஃபோகஸ் செய்துவிட்டுக் காத்திருப்பது மேல். கிருஷ்ணன் காலத்து வித்தை இது.

நான்காவது, கை நடுக்கம். 300 மி.மீ. என்றால் குறைந்தது 1/300 நொடி என்பது பழைய விதி. சின்ன சென்சார் கேமராவில் அதே லென்ஸ் 450 அல்லது 600 மி.மீ. போலப் பார்ப்பதால் 1/500-க்கு மேல் வைப்பது பத்திரம். சென்சாரே அசைந்து நடுக்கத்தைத் தணிக்கும் கேமராவாக இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் பதிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அது தவறான கணக்கில் அசையும்.

ஐந்தாவது, 500 மி.மீ. கண்ணாடி லென்ஸ்கள். சோவியத் எம்டிஓ போன்றவை. உள்ளே ஒளியை மடித்து அனுப்புவதால் நீளம் குறைவு. ஆனால் துவாரம் எஃப்8 என்று நிலையானது. பின்புலத்தில் தண்ணீர் மினுமினுத்தால் ஒவ்வொரு மினுக்கும் நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடை மாதிரி வளையமாக விழும். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல்.

கடைசியாக, பூஞ்சை. கடலோர ஊர்களில் இதுதான் பெரிய எதிரி. ஈரக்காற்றில் பீரோவுக்குள் மூடிக் கிடக்கும் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படரும். விட்டால் கண்ணாடி மேல் பூச்சையே அரித்துவிடும். வாங்கும்போது லென்ஸின் பின்னால் டார்ச் அடித்து முன்னாலிருந்து பார்க்க வேண்டும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். அதைவிட நல்ல மருந்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

மீஞ்சூரிலிருந்து பார்த்தால்

இதெல்லாம் யாருக்கு வேண்டும்? மீஞ்சூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் ஆழமில்லாத உப்பங்கழி. தெற்கே எண்ணூர்க் கழிமுகம். நடுவில் வல்லூர், அத்திப்பட்டு அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம்.

பழவேற்காட்டில் பறவையை நெருங்க முடியாது. சேறு காலை இழுக்கும், தண்ணீர் சலசலத்தால் கூட்டமே எழும்பிவிடும். அப்படி எழும்புவது பறவைக்கு வீண் செலவு, அது இரை தேடிச் சேர்த்த சக்தி போய்விடுகிறது. ஆகவே இங்கே டெலி லென்ஸ் வசதிப் பொருள் மட்டுமல்ல, பறவையைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பதற்கான மரியாதை. வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் காற்று கானலாக நெளியும். அப்போது எவ்வளவு விலையுள்ள லென்ஸும் தோற்றுப்போகும். விடியற்காலைதான் சரியான நேரம்.

நீள லென்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. தூரத்தில் நின்று எடுக்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டியிருப்பது போலத் தெரியும். கண்ணுக்கு எங்கோ இருக்கும் புகைபோக்கி, படத்தில் நாரையின் முதுகுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும். விலங்கை அதன் இடத்தோடு சேர்த்துக் காட்டினார் கிருஷ்ணன். இந்த வட்டாரத்துப் பறவையின் இடம் இன்று இதுதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இறகெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் வெளியே வந்த பிறகுதான் நடந்ததன் அளவு ஊருக்குப் புரிந்தது. எண்ணெய் பட்ட பறவையைப் பார்த்தேன் என்று ஒரு மீனவர் சொன்னால் அது வாய்வார்த்தை. படம் இருந்தால் அது சான்று.

அந்தச் சான்றை எடுக்க யாரால் முடியும்? பறவைகளுக்காகவே செய்த இன்றைய உயர்ரக டெலி லென்ஸ்களின் விலை லட்சங்களில் ஓடுகிறது. அந்த விலையில்தான் முடியும் என்றால், இந்தக் கழிமுகத்தைப் படம் எடுப்பவர்கள் எப்போதாவது காரில் வந்து போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். தினமும் அதைப் பார்க்கிறவர்களிடம் கேமரா இருக்காது. செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று, யாரோ வேண்டாம் என்று விற்ற பழைய 300 மி.மீ. லென்ஸ் ஒன்று, நடுவில் ஓர் அலுமினியக் குழாய். இவை போதும் என்று ஆகும்போது, அத்திப்பட்டிலோ பழவேற்காட்டிலோ இருக்கும் ஒரு கல்லூரிப் பிள்ளைக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்கிறது. வருடா வருடம் எத்தனை பூநாரை வந்தது, எந்தத் திட்டு காலியாகிப் போனது என்று ஊர்க்காரர்களே பதிந்து வைக்கலாம்.

கிருஷ்ணன் தன் கருவியைத் தானே கட்டிக்கொண்டார், ஏனென்றால் அவருக்குக் காட்ட வேண்டிய விஷயம் இருந்தது, வாங்கக் காசு இல்லை. அந்த இரண்டும் உள்ளவர்கள் இந்தக் கரையில் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.